இரண்டு என்றால் சூடு

அலாவுதீன் வீட்டில் அன்று காலையிலிருந்து எல்லாரும் ஓடிக்கொண்டிருந்தார்கள். உட்கார வைக்கப்பட்டிருந்தது மணப்பெண் ஒருத்திதான். அவளால்தான் உட்கார முடியவில்லை.

அஜீஸுன்னிசா நாற்காலியில் உட்கார்ந்தாள், எழுந்தாள், ஜன்னலைத் திறந்தாள், மூடினாள். மருதாணிக் கையால் இடுப்பில் செருகியிருந்த பேஜரைத் தொட்டுப் பார்த்தாள். சும்மா இருந்தது. சும்மா இருக்கிறதே என்று அதற்கும் ஒரு பயம் வந்தது.

எல்லாவற்றுக்கும் காரணம், போன வாரம் அவளுடைய அத்தா அலாவுதீன் சொன்ன ஒரு பொய். குண்டடத்திலிருந்து பெண் பார்க்க வந்தபோது, மாப்பிள்ளையின் தாய்மாமன் நஜீமுதீன், தன் வீட்டிலும் கல்யாண வயதில் ஒரு பெண் இருப்பவர், பிஸ்கட்டைக் காபியில் தோய்த்துக்கொண்டே, "பொண்ணு வேலைக்குப் போறது எங்க அக்காவுக்குப் புடிக்காதுங்க" என்று ஒரு வார்த்தை போட்டார். அலாவுதீன் காதர்பேட்டையில் பனியன் வியாபாரம் செய்கிறவர். எதிராளி முகத்தைப் பார்த்துச் சரக்கை மாற்றிக் காட்டத் தெரிந்தவர். "அட, அவ வேலைய விட்டு ஒரு மாசமாச்சுங்களே!" என்றார், கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

கதவுக்குப் பின்னால் நின்று அதைக் கேட்ட அஜீஸுன்னிசா, மறுநாள் காலை வழக்கம்போல டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனாள்.

பொய்யை மறுக்காததற்கு அவளுக்கு ஒரு காரணம் இருந்தது. மாப்பிள்ளை அக்பர், அன்று வாசலில் செருப்பு மாட்டும்போது, மற்ற எல்லாரிடமும் சொல்லிக்கொண்ட பிறகு, அவள் பக்கம் திரும்பி, "வரட்டுங்களா?" என்று அவளிடமும் கேட்டான். பெண் பார்க்க வந்தவர்களில் எவனும் அதுவரை அவளிடம் எதையும் கேட்டதில்லை. அந்த ஒரு வார்த்தையில் விழுந்துவிட்டாள் என்று சொன்னால் கோபப்படுவாள். ஆனால் உண்மை அதுதான்.

இன்றைக்கு நிச்சயம். மாப்பிள்ளையின் அம்மா நூர்ஜான் முதன்முறையாக இந்த வீட்டுக்கு வருகிறார். அவர் கையால் பூ வைத்துவிட்டால் சம்பந்தம் முடிந்தது. அதுவரை வேலை என்ற பேச்சே வீட்டில் எழக் கூடாது என்பது அத்தாவின் கட்டளை.

வேலை இடுப்பில் அல்லவா உட்கார்ந்திருந்தது!

மாரப்பனின் எக்ஸ்போர்ட் கம்பெனியில் கம்ப்யூட்டர் செக்‌ஷன் முழுக்க அவள் பொறுப்பு. அங்கே கண்ணாடி அறைக்குள் சர்வர் என்று ஒரு பெட்டி. ஆர்டர், கட்டிங், பேக்கிங், ஷிப்பிங் எல்லாக் கணக்கும் அதற்குள்தான். கோடையில் ஒரு தடவை ஏசி கெட்டு, சூட்டில் உள்ளே இருந்த டிஸ்க் போய்விட்டது. எந்தப் பெட்டி எந்தக் கப்பலுக்கு என்று தெரியாமல் ஒரு வாரம் கம்பெனியே முட்டிக்கொண்டு நின்றது.

அதற்குப் பிறகுதான் அவள் கோயம்புத்தூரிலிருந்து ஆளை வரவழைத்து, சர்வர் தன் உடம்புக்கு என்ன என்று தானே சொல்லும்படி ஏற்பாடு செய்தாள். ஏதாவது கோளாறு என்றால் மோடம் வழியாக அது அவளுடைய பேஜருக்கு ஒரு எண்ணை அனுப்பும். ஒன்று என்றால் கரண்ட் இல்லை. இரண்டு என்றால் சூடு. மூன்று என்றால் டிஸ்க் போச்சு.

அதுவும் போதாது அவளுக்கு. காலையில் எழுந்ததும் அந்த மோடம் நம்பருக்கு போன் போடுவாள். மறுமுனையில் 'ஙீ...' என்று மோடம் கத்தினால் சர்வர் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். அதைக் கேட்ட பிறகுதான் காபி.

இன்று காலையும் கேட்டாள். அலாவுதீன் தலையில் அடித்துக்கொண்டார்.

"நிச்சயத்தன்னைக்கும் அந்த ஊளையக் கேக்கோணுமா?"

"டேப் மிஷின் ரிப்பேருக்குப் போயிருக்குதுங்கத்தா. போன வாரத்துல இருந்து சர்வர் கணக்குக்கு நகலே எடுக்கல. ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா..."

"இன்னைக்கு ஆயுத பூஜை. கம்பெனியே பூட்டிக் கெடக்குது. என்னாகப் போகுது?"

அதுதான் அவளுடைய பயமே. பூஜை போட்ட மெஷினை மறுநாள் காலை வரை தொடக் கூடாது என்பது மாரப்பன் கம்பெனியில் மாறாத பழக்கம். தையல் மெஷினிலிருந்து தள்ளுவண்டி வரை சந்தனம் வைத்து, மாலை போட்டு, ஒவ்வொரு செக்‌ஷனாக மெயினை இறக்கிவிடுவார்கள். சர்வரை மட்டும் நிறுத்தக் கூடாது என்று முதலாளியிடம் கெஞ்சி வாக்கு வாங்கியிருந்தாள். மாரப்பன் வாக்குத் தவறாதவர். அந்த நம்பிக்கையில்தான் பட்டுப்புடவை கட்டினாள்.

வேன் வந்து நின்றது. ஆண்கள் கூடத்தில் உட்கார, பெண்கள் உள் அறைக்கு வந்தார்கள். நிச்சயத்துக்கு மாப்பிள்ளை வருவது வழக்கமில்லை என்பதால் அக்பர் குண்டடத்திலேயே இருந்துவிட்டான்.

நூர்ஜான் உயரமான மனுஷி. குண்டடத்தில் கோழிக்குஞ்சு பொரிக்கும் பண்ணை வைத்திருப்பவர். கணவர் போன பிறகு அதைத் தனியாக நடத்துகிறார். பண்ணையை விட்டு நகர முடியாது என்றுதான் பெண் பார்க்கக்கூட வராமல் தம்பி நஜீமுதீனை அனுப்பினார்.

"முகத்தக் காட்டு கண்ணு" என்று அவள் மோவாயைத் தொட்டார். "எதுக்கு இப்படி வேர்க்குது? பயமா?"

"இல்லீங்க மாமி."

அப்போதுதான் இடுப்பில் கீச்சென்று சத்தம்.

அறையே அவளைப் பார்த்தது. முந்தானைக்குள் கையை விட்டு அமுக்கினாள். குனிந்து ஓரக்கண்ணால் பார்த்தாள். இரண்டு.

"என்ன சத்தம்?"

"கடியாரமுங்க மாமி. அலாரம் வெச்சிருந்தேன்."

"நல்ல நாள்லயா?" என்று சிரித்தார் நூர்ஜான். "எனக்கும் தலமாட்டுல ஒரு மணி இருக்குது. முட்டை வெச்ச ரூமுல சூடு ஏறுனாக் கத்தும். ஒருக்கா என் நாத்தனா கல்யாணத்துல, பந்தியில பாதிச் சோத்துல எந்திரிச்சு ஓடுனேன். ஊரே சிரிச்சுது. குஞ்சு பொழச்சுதே, அது போதுமுன்னு விட்டுட்டேன்."

உண்மை அஜீஸுன்னிசாவின் தொண்டை வரை வந்தது. 'அக்காவுக்குப் புடிக்காது' என்ற நஜீமுதீனின் குரல் நினைவுக்கு வந்தது. உண்மை அப்படியே இறங்கிப் போய்விட்டது.

மறுபடியும் கீச். மறுபடியும் இரண்டு.

கரண்ட் போயிருந்தால் ஒன்று வந்திருக்கும். வரவில்லை. அப்படியானால் கரண்ட் இருக்கிறது, ஏசி மட்டும் நின்றிருக்கிறது. ஜன்னலெல்லாம் ஒட்டி அடைத்த அறை. வெளியே வெயில் வேறு கொளுத்துகிறது. உள்ளே சர்வர் தன் சூட்டிலேயே வெந்துகொண்டிருக்கிறது. இதை நினைத்ததும் அவளுக்கு உட்கார்ந்த இடம் முள்ளாகிவிட்டது. பக்கத்தில் நின்ற அம்மாவின் கையைப் பிடித்து இழுத்து, காதுக்குள் சொன்னாள்.

"அம்மா, அத்தாவக் கூப்பிடுங்க. சர்வர் சூடாகுது."

சபுரா பீவி பல்லைக் கடித்துக்கொண்டு புன்னகைத்தார். அதுவும் ஒரு திறமைதான். "பூ வெக்கற வரைக்கும் வாயத் தொறக்காத."

"அதுக்குள்ள டிஸ்க் போயிரும். நீங்க கூப்பிடலைன்னா நானே போறேன்."

மகளைப் பெற்றவருக்கு மகளைத் தெரியும். அடுக்களைப் பக்கமாக அலாவுதீன் வரவழைக்கப்பட்டார். வந்தவர் விஷயத்தைக் கேட்டதும் முதலில் கோபப்பட்டார், பிறகு கைகூப்பினார், கடைசியில் இறங்கி வந்தார்.

"சரி, நானே மாரப்பன் ஊட்டுக்கு போன் போட்டுச் சொல்றேன். நீ போயி உக்காரு."

சிக்கல் என்னவென்றால், போன் கூடத்தில் இருந்தது. ஷோகேஸுக்குப் பக்கத்தில் ஸ்டூல் மேல், சரியாக நஜீமுதீனின் முழங்காலுக்கு அருகில்.

அலாவுதீன் எல்லாரையும் பார்த்துச் சிரித்துவிட்டு டயல் செய்தார். மாரப்பனின் வீடு கம்பெனி வளாகத்துக்குள்ளேயே இருந்தது. அவரே எடுத்தார்.

"ஏனுங்க, நான் அலாவுதீன் பேசறனுங்க. அந்த... அந்த ரூமுல ஏசி ஓடலையாமுங்க."

"ஓடலீங்க பாய். நான்தான் நிறுத்துனேன்" என்றார் மாரப்பன் நிம்மதியாக. "கம்ப்யூட்டரத் தொடலீங்க. அம்மிணிக்கு வாக்குக் குடுத்திருக்கறேனில்ல? அது பாட்டுக்கு ஓடிட்டு இருக்குது. ஏசிக்கும் சந்தனம் வெச்சுப் பூசை போட்டாச்சு. அதும் மிஷின்தானுங்களே! வருசம் பூரா ஓடுது, ஒரு நாளு ஓய்வு வேண்டாமுங்களா?"

அந்த நல்ல மனிதரை என்ன சொல்வது! அலாவுதீன் குரலைத் தாழ்த்தினார்.

"இல்லீங்க, அதப் போடோணுமாமுங்க."

"பூசை போட்டத எப்படிங்க தொடறது? நாளைக்கு வெடியால போட்டுக்கலாம். அவ்வளவு அவசரம்னா அம்மிணிகிட்டக் குடுங்க. அது சொன்னாச் செய்யறேன். வேற யாரு சொன்னாலும் இந்த விசயத்துல நான் கேக்க மாட்டனுங்க."

கூடத்தில் எல்லாக் காதுகளும் அவர் பக்கம் இருந்தன. அலாவுதீன் ரிசீவரைப் பார்த்தார். உள் அறைக் கதவைப் பார்த்தார்.

"அவ... ஊட்ல இல்லீங்க" என்று சொல்லி வைத்துவிட்டார்.

நஜீமுதீன் நிமிர்ந்தார். "யாருங்க ஊட்ல இல்ல?"

"எங்க கடையில வேலை செய்யறவங்க. வேற யாரு?"

நிச்சயம் நடக்கும் வீட்டில் 'அவள் வீட்டில் இல்லை' என்றால் கேட்பவர் என்ன நினைப்பார்? மாப்பிள்ளை வீட்டு ஆண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு பெரியவர் மெதுவாகக் கழுத்தை நீட்டி உள் அறைப் பக்கம் எட்டிப் பார்த்தார்.

உள்ளே பூத்தட்டை எடுத்துவிட்டார்கள். நூர்ஜான் மல்லிகைச் சரத்தைப் பிரித்துக் கையில் எடுத்தார். "பிஸ்மில்லாஹ்" என்று அவள் தலைப் பக்கம் கையைக் கொண்டுபோனார்.

கீச்.

இந்தத் தடவை அஜீஸுன்னிசா மறைக்கவில்லை. பேஜரை வெளியே எடுத்துப் பார்த்தாள். மூன்று.

ஒரு டிஸ்க் போய்விட்டது. அதே கணக்குகள் இன்னொரு டிஸ்க்கிலும் இருக்கின்றன. அதுவும் போனால் ஒன்றும் மிஞ்சாது. இப்போது எழுந்தால் பூ போகும், பூவோடு அக்பரும் போவான். எழாவிட்டால், அவளை நம்பி ஒரு கம்பெனியையே பெட்டிக்குள் வைத்த மனிதர் நாளைக்கு நடுத்தெருவில் நிற்பார். அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"மாமி, மன்னிச்சுக்குங்க" என்று எழுந்தாள்.

கூடத்துக்கு வந்தாள். முக்காடு சரிந்ததைக்கூடக் கவனிக்கவில்லை. ரிசீவரை எடுத்து எண்ணைச் சுழற்றினாள். அலாவுதீன் கண்ணை மூடிக்கொண்டார்.

"முதலாளி, நான் அஜீஸு."

"ஏங் கண்ணு, ஊட்ல இல்லைன்னாங்க?"

"இருக்கறனுங்க. ஏசி இல்லாம சர்வர் வெந்துட்டிருக்குதுங்க. ஒரு டிஸ்க் போயிருச்சு. நீங்க உடனே போயி ரூமத் தொறங்க. தொறந்துட்டு அங்கிருந்து எனக்குக் கூப்பிடுங்க. பிளக்கை மட்டும் புடுங்கிராதீங்க!"

"அய்யோ சாமி!" என்ற குரலோடு போன் அறுந்தது.

நஜீமுதீன்தான் ஆரம்பித்தார். "என்ன பாய் இது? வேலைய விட்டாச்சுன்னு சொன்னீங்க?"

அலாவுதீன் பதில் சொல்வதற்குள் போன் அடித்தது. அஜீஸுன்னிசா பாய்ந்து எடுத்தாள்.

"கண்ணு, உள்ள அடுப்படியாட்டம் கொதிக்குது. ஏசியப் போட்டுர்றேன். பூசை போட்டதத் தொடறமே, ஒரு கற்பூரம் பத்த வெச்சு சாமிகிட்ட ஒரு வார்த்தை..."

"கற்பூரம் வேண்டாமுங்க முதலாளி! இருக்கற சூடு பத்தாதுங்களா? கதவ நல்லாத் தொறந்து விடுங்க. செக்கிங் செக்‌ஷன்ல இருக்கற பெரிய ஃபேனை எடுத்தாரச் சொல்லி, பெட்டியப் பாத்து வைங்க. சாமிகிட்ட நாளைக்குச் சொல்லிக்கலாம். அது ஒண்ணும் நெனச்சுக்காது."

மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் தன்னையறியாமல் சிரித்துவிட்டு, நஜீமுதீன் முறைத்ததும் தாடியைத் தடவிக்கொண்டார்.

"வெச்சாச்சு கண்ணு. அடுத்து?"

"இப்ப அத முறையா நிறுத்தோணும். சூட்டோட ஓட விட்டா இருக்கற ஒரு டிஸ்க்கும் போயிரும். கீ போர்டு முன்னால உக்காருங்க. டி அடிங்க."

"டி எங்கீங்க இருக்குது? ஏ, பி, சி, டின்னு வரிசையா வெச்சிருக்க மாட்டானா?"

"நடு வரிசையில பாருங்க. இடது பக்கம் ஏ, எஸ், அதுக்கு அடுத்து."

"ஆ, கெடச்சுது! மேல சந்தனம் அப்பிக் கெடக்குது. அதான் தெரியல."

ஊரெல்லாம் நூல் வாங்கி, ஜெர்மனி வரைக்கும் சரக்கு அனுப்பும் மாரப்பன், ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடினார். இங்கே மணப்பெண் பட்டுப்புடவையில் நின்றுகொண்டு, குழந்தைக்குச் சொல்லிக் கொடுப்பதுபோலச் சொன்னாள். ஓ. டபிள்யூ. ஒவ்வொன்றுக்கும் மறுமுனையில் பெருமூச்சு. கூடத்தில் சர்க்கரைத் தட்டு தொடுவாரில்லாமல் கிடந்தது. வந்தவர்கள் எல்லாரும் அந்தப் பெட்டி பிழைக்க வேண்டுமே என்று முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள்.

"கடைசியா என். அடிச்சுட்டு, என்டர் தட்டுங்க."

அவள் ரிசீவரைக் காதோடு அழுத்தினாள்.

"கண்ணு, என்னமோ இங்கிலீசுல வருது. 'சர்வர்'ங்குது... கடைசியில 'டவுன்'ங்குது. செத்துப்போச்சா?"

"இல்லீங்க முதலாளி. தூங்குது. பொழச்சுக்குச்சு" என்றாள் அஜீஸுன்னிசா. அதற்குமேல் அவளால் பேச முடியவில்லை. ரிசீவரை வைத்துவிட்டு அழுதாள்.

அழுது முடித்து நிமிர்ந்தபோதுதான், தான் எங்கே நிற்கிறோம் என்பது உறைத்தது. உள் அறை வாசலில் நூர்ஜான் நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ தெரியாது. கையில் அந்த மல்லிகைச் சரம் அப்படியே இருந்தது.

நஜீமுதீன் எழுந்தார். "அக்கா, கெளம்பலாம். பொய் சொல்ற ஊட்ல நமக்கென்ன வேலை?"

"உக்காரு" என்றார் நூர்ஜான். பிறகு மெதுவாக அஜீஸுன்னிசாவிடம் வந்தார். "கண்ணு, வேலைய விட்டாச்சுன்னு உங்கத்தா சொல்லியிருக்கறாரு. அது உனக்குத் தெரியுமா?"

"அவளுக்குத் தெரியாதுங்க!" என்று குறுக்கே விழுந்தார் அலாவுதீன். "நானாச் சொன்னதுங்க. எம் பொண்ணுமேல ஒரு தப்பும் இல்லீங்க."

சபுரா பீவி கதவோரத்திலிருந்து மகளைப் பார்த்துக் கண்ணாலேயே கெஞ்சினார். தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும். அத்தா ஒருவர் மட்டும் கெட்டவராவார். பூ கிடைத்துவிடும்.

"தெரியுங்க மாமி" என்றாள் அஜீஸுன்னிசா. "அத்தா சொல்லும்போது நான் கதவுக்குப் பின்னால நின்னேன். இல்லைன்னு சொல்லியிருக்கோணும், சொல்லல. உங்க பையனை எனக்குப் புடிச்சிருந்துச்சு. அதான் வாய மூடிக்கிட்டேன். ஆனா வேலைய விடறதுக்கு எனக்கு மனசில்லீங்க."

அலாவுதீன் தலையைக் குனிந்துகொண்டார். மகள் எல்லார் முன்னாலும் இப்படிச் சொன்னது அவருக்கு வெட்கமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது.

நூர்ஜான் கையிலிருந்த மல்லிகைச் சரத்தை ஒரு தடவை பார்த்தார்.

"பொய் பொய்தான். அப்பனும் மகளும் சேந்து சொன்னது எனக்கு வலிக்குது. அத அப்புறமாப் பேசிக்கலாம்" என்றார். "இப்ப ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. வேலைய விட்டாச்சுன்னு எதுக்குச் சொன்னீங்க?"

"உங்களுக்குப் புடிக்காதுன்னு சொன்னாங்களே. அதுக்குத்தாங்க" என்றார் அலாவுதீன்.

"எனக்கா?"

நூர்ஜான் திரும்பினார். உட்கார்ந்திருந்த தம்பியை நேராகப் பார்த்தார்.

"நஜீமு, நான் எப்படா அப்படிச் சொன்னேன்? கம்ப்யூட்டர் வேலை பாக்கற பொண்ணா, நம்ம பண்ணைக் கணக்கெல்லாம் பாத்துக்குமேன்னுதானே சந்தோசப்பட்டேன்? உங்கிட்டத்தானே சொல்லியனுப்புனேன்?"

நஜீமுதீன் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார்.

"இந்தச் சம்பந்தம் நடக்கக் கூடாதுன்னு நெனச்சது நீயாடா?"

நஜீமுதீன் கைக்குட்டையை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்கள் அவரை விட்டுச் சற்றுத் தள்ளி உட்கார்ந்தார்கள்.

நூர்ஜான் பூத்தட்டைக் கொண்டுவரச் சொல்லி, மல்லிகைச் சரத்தை அதில் வைத்தார். தம்பிக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு, தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"நீ ஏன்னு சொல்லு. அதுக்கப்புறம் பூ வெக்கறதா, எடுத்துட்டுப் போறதான்னு நான் முடிவு பண்றேன்."